குப்பையும் நம் கடமையும்

(ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய இரு நகரங்களின் அங்கத்தினர்களும் குடும்பத்தாரும் கூடியிருந்த நம் சங்க ஆண்டு மகாசபையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு. அன்பர்கள் பலர் வேண்டிக்கொண்டபடி இங்கே வெளியிடப்பெறுகின்றது.)



மகாசபையில் பேசும் பேறு பெற்றவர்கள் கல்வியைப் பற்றியோ, கைத்தொழிலைப் பற்றியோ, நம் முன்னோர் பெருமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். யானோ குப்பையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். மங்கலமான சபையில் இஃது என்ன பேச்சென்று சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானமாக ஒன்று இருப்பதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். நம் சங்கக் கலியாண மண்டபத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளைகளையும், தட்டுகளையும், சிறு தண்ணீர்ப் புட்டிகளையும் இனி அனுமதிப்பதில்லை என்பதும், அவற்றுக்கு ஈடாகச் சங்கமே பாத்திரங்கள் வாங்கி வைக்கவேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் சாரம். அதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இங்கே இருக்கின்றனர். வாக்கெடுப்புக்கு முன் அதன் நியாயத்தை எடுத்துரைக்கும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அதன்பொருட்டே எழுந்து நிற்கின்றேன்.

குப்பை என்பது யாது? நம் பக்கத்து உழவர் வாயில் அஃது இழிசொல் அன்று. "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று ஒருவரையொருவர் கேட்பர். சாணமும் சருகும் சாம்பலும் உமியும் குழியிலே கிடந்து மக்கி, வண்டி வண்டியாய் வயலுக்குச் செல்லும். குப்பைக் குழி வைத்திருந்தவன் செல்வன். இல்லாதவன் விலை கொடுத்து வாங்கினான். அக்காலத்துக் குப்பை மண்ணில் பிறந்து மண்ணுக்கே திரும்பிற்று. ஆதலின் அதனை ஒழிப்பதற்கு ஒரு சட்டமும் வேண்டியிருக்கவில்லை.

நம் குலத்தொழிலும் இதே பாடத்தையே கற்பிக்கின்றது. தறியில் பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் பழைய இழைமுனைகளை அறுத்தெறிந்து விடுகின்றனரா? இல்லை. புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய முனையோடு பிணைக்கின்றனர். அந்தப் பழைய முனைகளே புதிய இழைகளை விழுதின் வழியாகவும் அச்சின் வழியாகவும் இழுத்துச் செல்கின்றன. பாவு பிணைத்த கைகள் இச்சபையிலே பல இருக்கின்றன. அவர்களுக்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

இனி ஆலைக்கு வருவோம். 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை நிறுவினார். அதன்பின் இப்பகுதியெங்கும் நூற்பாலைகள் பெருகின. ஆலையில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்: உள்ளே செல்லும் பேல் முழுவதும் நூலாகி வெளிவருவதில்லை. புளோரூமில் தூசும் விதைத்துணுக்கும் விழும். கார்டிங்கில் ஒருவகைக் கழிவு, கோம்பரில் குறும்பஞ்சு. உயர்ந்த நூலுக்காகச் சீவும்போது 100 பங்கில் 15 பங்கு வரையிலும், சில சமயம் அதற்கு மேலும், குறும்பஞ்சாகக் கழியும். அதனை எவரேனும் தெருவில் கொட்டுகின்றனரா? வகைவகையாகப் பிரித்து, எடை போட்டு, கணக்கில் எழுதி, விலைக்கு விற்கின்றனர். கோம்பர்க் கழிவு வெளுக்கப்பட்டு மருத்துவமனைப் பஞ்சாகின்றது. வேறு சில கழிவுகள் தடித்த நூலாகி விரிப்பும் துடைப்புத் துணியுமாகின்றன. அந்தப் பஞ்சோடு சேர்ந்து காயத்தைக் கட்டும் துணியை இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியார் நெய்து நாடெங்கும் அனுப்புகின்றனர்.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. பிரித்து வைத்தது சரக்கு. கலந்து கொட்டியது குப்பை. பொருளில் இழிவில்லை, கலப்பதிலேதான் இழிவு பிறக்கின்றது. வாழையிலையையும், மீந்த சோற்றையும், பிளாஸ்டிக் குவளையையும், உடைந்த கண்ணாடியையும், குழந்தையின் அணையாடையையும் ஒரே பையில் திணித்துக் கட்டிவிட்டால், உரமாக வேண்டியது உரமாகாது. விற்க வேண்டியது விலை போகாது. எல்லாம் கண்மாய்க் கரைக்கும் கிடங்குக்குமே போய்ச் சேரும். அங்கே தீப்பற்றிப் புகையும்.

இவ்வுண்மையை நம் தேசத்துச் சட்டம் நெடுநாட் கழித்தே ஏற்றது. நகரக் குப்பையின் சீர்கேட்டைக் குறித்து 1996-ஆம் ஆண்டில் அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2000-ஆம் ஆண்டில் நகரசபைகளுக்கென விதிகள் இயற்றப்பட்டன. 2016-ஆம் ஆண்டின் விதிகள் மேலும் ஒரு படி சென்றன. குப்பையை உண்டாக்குவோரே அதனை மக்குவது, மக்காதது, அபாயமுள்ளது என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும் என அவை விதித்தன. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருங்குப்பை உண்டாக்குவோர் என்று தனியே வகுத்தன. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டம் நடத்துவோர் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. கலியாணங்களுக்கு 1,000 பேரை அழைக்கும் நாம் இவ்விதிகளில் எத்தனையைக் காதிலாவது வாங்கினோம்?

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிறந்த ஆணை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடுக்கப்பட்டன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தட்டும் அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பர் 23-ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதிலும் பல பொருள்களுக்குத் தடை வந்தது. எளிய நாடாகிய வங்காளதேசமோ 2002-ஆம் ஆண்டிலேயே மெல்லிய பிளாஸ்டிக் பைகளை விலக்கிவிட்டது. இருந்தும் நம் கடைவீதிகளிலிருந்து அப்பைகள் முற்றும் மறையவில்லை என்பதைக் கண்ணுள்ளவர் அறிவர். காரணம் என்ன?

காரணம் இரண்டு. முதலாவது, வாங்குபவனுக்கு எறிவது இலவசமாக இருக்கின்றது. எறிந்ததை எடுக்கும் செலவு நகரசபையின் தலையில், அதாவது வரி கொடுக்கும் நம் எல்லோர் தலையிலும் விழுகின்றது. நீலகிரியில் நடந்ததைக் கேளுங்கள். மது அருந்துவோர் எறியும் கண்ணாடிப் புட்டிகள் காட்டு விலங்குகளின் காலைக் கிழித்தன. சென்னை ஹைகோர்ட்டு அதில் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அந்த ஜில்லாவின் மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அப்பத்து ரூபாயைத் திருப்பித் தந்தனர். பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்துவிட்டன. உபதேசத்துக்கு அசையாத கையைப் பத்து ரூபாய் அசைத்தது. மது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்த ஏற்பாட்டின் அறிவைக் கொள்ளத் தடையில்லை.

இரண்டாவது, செய்து விற்பவனுக்கு அதன் முடிவைப் பற்றிக் கவலையில்லை. ஜெர்மனி தேசம் 1991-ஆம் ஆண்டிலேயே, சரக்கைப் பொட்டலமிட்டு விற்பவரே அப்பொட்டலத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்று சட்டம் செய்தது. நம் தேசத்திலும் பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்கு விடுவோர்மேல் அப்பொறுப்பைச் சுமத்தும் விரிவான நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் வெளியிடப்பட்டன. பால்கோவாவுக்குப் பேர்போன நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரிகளும் இதைச் சிந்திக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டில் நம் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் அச்சிட்ட உறை ஊர்ச் சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடப்பது அப்பெயருக்கு அழகாகுமா?

"எறிந்தால் என்ன? அதை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாமே" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். மறுசுழற்சி நல்லதே, யான் அதனைப் பழிக்கவில்லை. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை அமைக்கும் முறையைக் கண்டார். 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தண்ணீர்ப் புட்டியை உருக்கி இழையாக்கி நூலாகவும் நூற்கின்றனர். ஆனால் இரும்பையும் அலுமினியத்தையும் போலப் பிளாஸ்டிக் உருக்க உருக்கத் தரம் மாறாமல் இருப்பதில்லை. அடுக்கடுக்காக ஒட்டிய பளபளப்பு உறையைப் பிரிப்பது மிகக் கடினம். ஆதலின் பழைய சாமான் வாங்குபவர் அதனைக் குனிந்தும் எடுப்பதில்லை. எனவே படிகளின் வரிசை இது: முதற்படி உண்டாக்காமை, இரண்டாம் படி மீண்டும் மீண்டும் பயன்படுத்தல், மூன்றாம் படியே உருக்கிப் புதிதாக்கல், எஞ்சிய சிறிதே கிடங்குக்குரியது. நாமோ முதலிரண்டு படிகளையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் நிற்க முயல்கின்றோம்.

நம்மைப் போன்ற நடுத்தர நகரங்களால் ஆகுமா என்று ஐயுற வேண்டா. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இராஜபாளையத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர். சத்தீஸ்கர் மாநிலத்து அம்பிகாபூர் நம் இராஜபாளையத்தை ஒத்த அளவுடைய நகரமே. அங்கே மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடுதோறும் சென்று, பிரித்த குப்பையைப் பெற்று, மேலும் பல வகையாகப் பிரித்து விற்கின்றனர். பழைய குப்பைக் கிடங்கு பூங்காவாயிற்று. நம் மேற்குமலைக்கு அப்பால் கேரளத்தில் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வீடுகளில் கட்டணம் பெற்று மக்காத பொருளைச் சேகரிக்கின்றனர். மலைக்கு அப்புறம் ஆகும் காரியம் இப்புறம் ஆகாதா?

நிற்க. இனி யான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இது சாதிச் சங்கத்தின் மேடை. நம் பிள்ளைகளின் படிப்புக்கும், நலிந்தோர் உதவிக்கும் இச்சங்கம் செய்த நன்மை பெரிது. ஆயினும் ஓர் உண்மையை இம்மேடையிலேதான் சொல்லவேண்டும். நாம் எறிவதை எடுப்பவர்கள் யார்? தாழ்த்தப்பட்ட குலங்களில் பிறந்தவர்களே பெரும்பாலும் அத்தொழிலில் தலைமுறை தலைமுறையாய்த் தள்ளப்பட்டிருக்கின்றனர். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் வலிய 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்துவிட்டன. எனினும் பிரிக்காத குப்பையைக் கையால் கிளறும் கொடுமை நீங்கவில்லை. நாம் கலந்து எறிவது அவர்கள் கையில் விழுகின்றது. பிரித்துக் கொடுத்தல் என்பது சுகாதாரக் காரியம் மட்டும் அன்று. இன்னொரு குலத்தாரை மதிக்கும் காரியம்.

என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த மகளின் கலியாணம் நடந்தது. மண்டபத்தின் பெயர் வேண்டா. இலைக்கு இலை ஒரு தண்ணீர்ப் புட்டி, பாயசத்துக்கு ஒரு குவளை, ஐஸ்கிரீமுக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று. எவருக்கும் குறைவில்லாமல் நடத்தினோம் என்று யான் பெருமை கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் மறந்துபோன குத்துவிளக்கை எடுத்துவரப் பின்வாயில் வழியே சென்றேன். தூய்மைப் பணியாளராகிய ஓர் அம்மையார், புளித்த சோற்றுக் குவியலில் முழங்கை வரை கையை விட்டு, பாதி குடித்த புட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்து நீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. அதில் இரத்தக் கறை. "என்னம்மா?" என்றேன். "கண்ணாடி வளையல் உடைஞ்சது உள்ள கிடந்துச்சுங்கய்யா. கலியாண வீட்ல அது சகஜந்தானுங்களே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. என் மகளின் மங்கல நாளில் உடைந்த வளையல் அது. அன்று முதல் அக்கலியாணத்தின் பெருமையை யான் எவரிடமும் பேசியதில்லை.

எதிர்ப்போர் கூறும் நியாயங்களை அலட்சியம் செய்யலாகாது. பாத்திரம் வாங்கப் பணம் வேண்டும் என்கின்றனர். உண்மையே. ஆனால் ஒவ்வொரு கலியாண வீட்டாரும் எறியும் பொருளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை வாடகையாகச் சங்கத்துக்குக் கொடுப்பாராயின், முதல் நாளடைவில் திரும்பிவிடும். விருதுநகர் ஜில்லா வறண்டது, கழுவ நீருக்கு எங்கே போவது என்கின்றனர். மதிக்கத்தக்க கேள்வி. தொட்டியில் முக்கிக் கழுவினால் செலவு குறையும். கழுவிய நீரை மண்டபத்துத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பிறர் குடித்த டம்ளரில் குடிக்க அச்சம் என்கின்றனர். கொதிநீரில் அலசிய எவர்சில்வர் டம்ளர் அச்சத்துக்கு இடந்தராது. கழுவுவோர்க்கு வேலை மிகும் என்கின்றனர். மிகும்; ஆதலின் கூலியும் மிகவேண்டும். எறியும் பொருளை விற்ற கம்பெனிக்குப் போன பணம் நம் ஊர்க் கைகளுக்கு வரட்டும்.

உபசாரம் குறைவுபடும் என்போருக்கு ஒன்று சொல்வேன். பெரியோர்கள் நினைவுகூரலாம்: முன்னாளில் நம் சங்கத்தாரிடம் பொதுப் பாத்திரங்கள் இருந்தன. அண்டா, தவலை, போணி, செம்பு, கரண்டி எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எண்ணி எழுதி, கலியாண வீட்டுக்கு எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குவர். ஏழை வீட்டுக் கலியாணமும் செல்வர் வீட்டுக் கலியாணமும் ஒரே செம்பில் நீர் வழங்கின. எறியும் குவளை வந்தபின் அவை பழைய விலைக்குப் போயின. நாம் இழந்தது பித்தளையை மட்டுமா? இன்று உலகப் பேரறிஞர்கள் புதுக்கொள்கை என்று வகுப்பதை நம் பாட்டனார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடத்திக் காட்டினர்.

நான்காம் தீர்மானத்தோடு, இரு நகரசபைகளுக்கும் நம் சங்கம் ஒரு விண்ணப்பம் அனுப்பவேண்டும் என்றும் பிரேரேபிக்கின்றேன். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே வண்டியில் கலவாமல் எடுக்கவேண்டும். வீட்டார் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் கலப்பது போல மனத்தைத் தளரச் செய்வது வேறொன்றில்லை. மண்டபங்களும் உணவுச்சாலைகளும் கொடுக்கும் குப்பையை எடை போட்டு, எடைக்குத் தக்கபடி கட்டணம் விதிக்கவேண்டும். முதலில் நம் மண்டபத்துக்கே விதிக்கட்டும். மக்கியதை உரமாக்கி, சோதித்து, சுற்றுப்புற உழவர்க்குக் கொடுக்கவேண்டும். பணியாளர்க்குக் கையுறையும், காலணியும், குறித்த நாளில் கூலியும் தவறாமல் கிடைக்கவேண்டும். சேர்ந்த குப்பை எவ்வளவு, உரமானது எவ்வளவு, விற்றது எவ்வளவு, கிடங்குக்குப் போனது எவ்வளவு என்று மாதந்தோறும் கணக்கு வெளியிடவேண்டும். ஆலைக் கழிவுக்குக் கணக்கு உண்டு. ஊர்க் கழிவுக்கு இல்லாதிருப்பது எவ்வாறு?

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் செல்கின்றது. ஒருவர் பயன்படுத்திய பொருள் என்பதனாலேயே அதன் பெருமை குன்றாது என்று ஊரறிய ஒப்புக்கொண்ட ஊர் இது. கழுவிய டம்ளரை விருந்தினர்க்குக் கொடுக்க நாம் ஏன் நாணவேண்டும்?

தீர்மானம் வாக்குக்கு வருகின்றது. எதிர்த்து வாக்களிப்போர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அவர்கள் ஒன்று செய்யவேண்டும். அடுத்த முகூர்த்தம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் நம் மண்டபத்துப் பின்வாயிலுக்கு ஒருமுறை வந்து நிற்கவேண்டும். வந்து பார்த்தபின் அவர்கள் கூறுவதை யான் ஏற்பேன்.

என் இளைய மகளுக்கு வரும் தையில் கலியாணம். தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் டம்ளர்கள் வாங்கிவிட்டேன். கலியாணம் முடிந்ததும் அவற்றைச் சங்கத்துக்கே ஒப்படைக்கின்றேன். நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக அவற்றை எழுதிக்கொள்ளும்படி காரியதரிசி அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.